தாயமும் தீர்வும்: பங்காளி வழக்குகள் பற்றி ஒரு வரலாற்று நோக்கு

உறையூர்க் கோட்டையின் கதவுகள் அடைபட்டுக் கிடந்தன. உள்ளே இருந்தவன் நெடுங்கிள்ளி. வெளியே முற்றுகையிட்டு நின்றவன் நலங்கிள்ளி. இருவரும் சோழர். ஒரே குடியின் உரிமையை இருவரும் கோரினர். இவ்விருவருக்கும் இடையே நின்று பேசியவர் கோவூர் கிழார். அமைச்சராகவோ, அறங்கூறவையத்து முதியவராகவோ அவர் பேசவில்லை. புலவர் என்னும் ஒரே தகுதியோடு பேசினார். புறநானூற்றின் 44, 45ஆம் பாட்டுகள் அவ்வுரையை நமக்கு வைத்திருக்கின்றன. தமிழில் பங்காளிச் சண்டை ஒன்றைத் தீர்க்க எடுக்கப்பட்ட முயற்சிகளுள் நாம் சொல்லளவில் அறியக்கூடிய மிகப் பழையவற்றுள் ஒன்று இதுவெனலாம்.

முதற்பாட்டு ஆவூர் முற்றுகையின்போது பாடப்பட்டது. கோட்டைக்குள் அடைபட்ட ஊரின் நிலையைப் புலவர் அடுக்கிக் காட்டுகிறார். யானைகள் நீராட வழியின்றி, உணவின்றி நிலத்தில் புரண்டு பெருமூச்செறிகின்றன. குழந்தைகள் பாலின்றி அலறுகின்றன. மகளிர் கூந்தலில் பூவில்லை, மனைகளில் நீரில்லை. ‘அறத்தை எண்ணினால் கதவைத் திறந்து நாட்டைக் கொடு, மறத்தை எண்ணினால் கதவைத் திறந்து போரிடு, இரண்டுமின்றி அடைத்துக்கொண்டு உள்ளே ஒடுங்கியிருப்பது நாணத்தக்கது’ என்பது அதன் சாரம். உரிமை யாருடையது என்ற கேள்விக்குள் புலவர் இறங்கவே இல்லை. பங்காளிகள் இருவர் பூசலிட, பசித்துக் கிடப்பது மூன்றாமவர் என்பதை முதலில் வைக்கிறார்.

உறையூரில் பாடிய 45ஆம் பாட்டு வேறு வகையானது. அங்கே பேச்சு இருவரையும் நோக்கியது. எதிரே நிற்பவன் பனம்பூச் சூடிய சேரனுமல்லன், வேப்பம்பூச் சூடிய பாண்டியனுமல்லன்; இருவர் கண்ணியும் ஆத்தியே. ஆகவே எவன் தோற்றாலும் தோற்பது சோழர்குடியே. இருவரும் வெல்லுதலோ இயற்கையில் இல்லை. இப்போரைக் கண்டு மகிழ்வோர் பிற வேந்தரே. அதற்குமேல் புலவர் எதுவும் சொல்லவில்லை. மூத்தவன் எவன், இளையவன் எவன், தந்தை எவனுக்குச் சொல்லிப்போனார் என்ற கணக்கு எதுவும் அப்பாட்டில் இல்லை. கணக்கைத் தொட்டால் பேசுபவர் ஒரு பக்கத்தவராகிவிடுவார். பூவைத் தொட்டதால் இருபக்கத்தவரும் கேட்கும்படி ஆயிற்று. நலங்கிள்ளியிடமிருந்து உறையூருக்குள் வந்த இளந்தத்தன் என்னும் புலவனை ஒற்றன் என ஐயுற்று நெடுங்கிள்ளி கொல்லப் புகுந்தபோது, அவனைக் காத்தவரும் கோவூர் கிழாரே (47ஆம் பாட்டு). இருதரப்பினரிடத்தும் அவர் சொல்லுக்கு இருந்த மதிப்பை இது காட்டும்.

ஆயினும் அம்முயற்சி நிலைத்த பயனைத் தந்ததாகச் சொல்ல இயலாது. உறையூர்க் கதவினுள் இருந்த கிள்ளியைப் பழங்குறிப்புகள் ‘காரியாற்றுத் துஞ்சிய நெடுங்கிள்ளி’ என்றே பெயரிடுகின்றன. பூசல் போர்க்களத்தில்தான் முடிந்தது என வரலாற்றாசிரியர் பலர் கருதுவதற்கு அவ்வடைமொழி இடந்தருகிறது. பாட்டு நிலைத்தது, சமாதானம் நிலைக்கவில்லை.

கோப்பெருஞ்சோழன் செய்தி இதனினும் நுட்பமானது. அவனை எதிர்த்து வந்தவர்கள் அவனுடைய மக்களே. போருக்கெழுந்த அவனைத் தடுத்தவர் புல்லாற்றூர் எயிற்றியனார் (213ஆம் பாட்டு). வந்திருப்போர் வழிவழிப் பகைவரல்லர். நீ மறைந்தபின் இந்நாடு அவர்களுக்கே உரியது. அவர்களை வென்றுவிட்டால் இச்செல்வத்தை யாருக்கு விட்டுச் செல்வாய். தோற்றாலோ பழியைத்தான் விட்டுச் செல்வாய் என்று கேட்டார். சோழன் போரை விட்டு வடக்கிருந்தான். பிசிராந்தையார் வந்து உடனிருந்து உயிர்விட்ட நட்பின் கதையாகவே அதனைத் தமிழுலகம் நினைவிற் கொண்டுள்ளது. அக்கதை முழுவதும் ஒரு தந்தைக்கும் மக்களுக்கும் இடையே எழுந்த சொத்து வழக்கிலிருந்து தொடங்குகிறது என்பது பெரும்பாலும் மறந்துபோன செய்தி. எயிற்றியனாரின் வாதத்தில் ஒரு சட்டக் கருத்து மறைந்திருக்கிறது. மகன் தந்தைக்குப் பின் வரும் உரிமையாளன் என்பதே அவர் கொண்ட அடிப்படை. ஆனால் படையெடுத்து வந்த மக்கள், தந்தை இருக்கும்போதே தமக்கும் உரிமை உண்டு என எண்ணினர் போலும். இவ்விரு எண்ணங்களின் மோதல் பிற்காலத்தில் இந்தியச் சட்ட வரலாறு முழுவதையும் இரண்டாகப் பிளந்தது.

தாயம் என்னும் சொல்லின் பிறப்பைப் பற்றி அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. பிறப்பு எதுவாயினும், வழிவழி வரும் உரிமைக்கும் உருட்டும் கட்டையில் விழும் ஒன்றுக்கும் தமிழன் ஒரே சொல்லை வழங்கியிருப்பது சற்றே நகைப்புக்குரியது. பாகப்பிரிவினையில் அகப்பட்டுத் தேறியவர்கள் அதன் பொருத்தத்தை மறுக்கமாட்டார்கள். தாயத்தார், ஞாதியர், பங்காளிகள் என்று காலந்தோறும் சொற்கள் மாறின. அவை குறிக்கும் உறவு ஒன்றே. ஒரே பாட்டன்வழி வந்த ஆண்மக்களின் கிளைகள் ஒருவருக்கொருவர் பங்காளிகள். அவர்களோடு பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் உறவு இல்லை. சொத்தில் மட்டுமே உறவு. மாமன் மச்சான் முறையினரோடு சொத்து இல்லை. ஆகவே சண்டையும் குறைவு.

இம்முறைமையைத் திருவிளையாடற் கதையொன்று நன்கு காட்டுகிறது. பரஞ்சோதி முனிவர் பாடிய ‘மாமனாக வந்து வழக்குரைத்த படலம்’ அது. மதுரையில் தனபதி என்னும் வணிகன் மகப்பேறின்றித் தன் தங்கை மகனையே மகனாக வளர்த்தான். உடன்பிறந்தாளோடு நேர்ந்த ஒரு சொற்பூசலில் மனம் வெறுத்து, பொருளனைத்தையும் மருமகனுக்கு அளித்துவிட்டு மனைவியோடு தவம் செய்யப் போனான். அவன் போனபின் தாயத்தார் சொத்தைக் கவர்ந்துகொண்டனர். தங்கை சோமசுந்தரக் கடவுளிடம் முறையிட, இறைவனே அம்மாமன் வடிவில் வந்து வழக்குரைத்தான். மருமகனைத் தழுவி அழுது, குடும்பத்து முன்னோரையும் உறவினரையும் பெயர்சொல்லி அடையாளம் காட்டினான். தாயத்தார் மறுமொழியின்றி அகன்றனர். அற்புதக் கதையாயினும் அதன் நடைமுறை மண்ணுலகத்தைச் சேர்ந்தது. வழக்குரைக்க வந்தவனுக்கு அந்நெறியில் வேண்டியது குடும்ப அறிவு. அவன் யார் என்பதற்குச் சான்று அவன் அறிந்திருக்கும் பெயர்கள். பங்காளிகளுக்கு எதிரே வந்து நின்றவன் மாமன் என்பதும், முறையிட்டவள் பெண் என்பதும் ஈண்டு நோக்கத்தக்கன. அவள் தன் மகனுக்காகவே முறையிட்டாள். தனக்கெனப் பங்கு எதையும் அவள் கேட்கவில்லை, கேட்கும் வழியும் அக்கதையுலகில் இல்லை.

ஊர்ப்புறத்தில் வழங்கிவந்த தீர்வுமுறைகள் எளியவை. மூத்தவன் பிரிக்க இளையவன் முதலில் எடுத்துக்கொள்வது ஒன்று. பிரிப்பவனுக்கு எந்தப் பங்கு வந்து சேரும் எனத் தெரியாதாதலின் அவன் கை நேராகவே அளக்கும். மற்றொன்று திருவுளச்சீட்டு. தெய்வத்தின் முன் சீட்டுகளைக் குலுக்கிப் போட்டு ஒரு குழந்தையை எடுக்கச் செய்வார்கள். பராந்தகன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் (919, 921) கூறும் குடவோலை முறையிலும் ஓலையைக் குடத்திலிருந்து எடுப்பவன் ஒன்றும் அறியாச் சிறுவனே. ஊராட்சிக்கு உறுப்பினரைத் தேர்ந்த கையும், வயலைப் பங்கிட்ட கையும் ஒன்றையே நம்பின.

தொண்டைமண்டலத்து மிராசு ஊர்களில் இன்னொரு வியப்பான ஏற்பாடு இருந்தது. நிலத்தை நிலையாகப் பிரிக்காமல், ஊரைப் பங்குகளாகவும் கரைகளாகவும் வகுத்து, குறித்த காலத்துக்கு ஒருமுறை சீட்டுப்போட்டு மாற்றிக்கொள்வர். இதுவே கரையீடு. நல்ல மண்ணும் களர்மண்ணும் சுழன்றுவரும். எவனும் என்றென்றைக்கும் ஏமாந்தவனாக இரான். நிலையாகப் பிரித்துக்கொண்டால் அது அறுதிக்கரை. திருக்குறளில் தோய்ந்த எல்லிஸ் துரை சென்னையின் கலெக்டராக இருந்தபோது மிராசு உரிமை பற்றி எழுதிய ஆய்வு இம்முறைகளை விரித்துரைக்கிறது. நிலவரி தனித்தனி ஆளின் பெயரில் எழுதப்படத் தொடங்கியபின் கரையீடு தேய்ந்தது.

யாழ்ப்பாணத்தில் வழக்கத்தையே ஏட்டில் ஏற்றினார்கள். ஒல்லாந்தர் ஆட்சியில் கிளாஸ் ஈசாக்ஸ் என்னும் அதிகாரி, நெடுங்காலம் அங்கு வாழ்ந்து கண்டறிந்தவற்றை 1707இல் தேசவழமையாகத் தொகுத்தார். பன்னிரு முதலியார்கள் அதனைப் பார்த்து ஒப்புக்கொண்டனர். ஆங்கிலேயர் 1806இல் அதற்குச் சட்டவலு அளித்தனர். முதுசம், சீதனம், தேடியதேட்டம் என்று சொத்தை அதன் பிறப்பைக் கொண்டு பிரிப்பது அதன் நெறி. பெண்மக்களுக்குச் சீதனம் அவர்களுக்கே உரிய சொத்தாகும். அதனைப் பெற்று மணமாகிச் சென்றவள் எஞ்சியதில் பங்கு கோரலாகாது. தன் பங்கை விற்க விரும்புபவன் முதலில் உடன்பங்காளிகளுக்கு அறிவிக்கவேண்டும் என்பதும் அதிலுள்ள விதி. வேற்றாள் வீட்டுக்குள் நுழைவதைப் பற்றிய அச்சம் எல்லாச் சட்டங்களிலும் தொடர்கிறது. 1893ஆம் ஆண்டின் இந்தியப் பாகப்பிரிவினைச் சட்டத்தின் 4ஆம் பிரிவும், 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 22ஆம் பிரிவும் வேறு வேறு சொற்களில் அவ்வச்சத்தையே பேசுகின்றன.

தமிழகத்தின் பெரும்பகுதியில் வழக்குமன்றங்கள் பின்பற்றியது மிதாட்சரம். கல்யாணிச் சாளுக்கியன் ஆறாம் விக்கிரமாதித்தன் காலத்தில் வாழ்ந்த விஞ்ஞானேசுவரர் யாக்ஞவல்கிய ஸ்மிருதிக்கு எழுதிய உரை அது. மகன் பிறந்த கணத்திலேயே மூதாதையர் சொத்தில் உரிமை பெறுகிறான் என்பது அதன் மையக் கருத்து. வங்கத்தில் ஜீமூதவாகனரின் தாயபாகம் வழங்கியது. அங்கே தந்தை இறந்தபின்னரே மகனுக்கு உரிமை பிறக்கும். கோப்பெருஞ்சோழனுடைய மக்கள் மிதாட்சரக்காரர் என்றும், எயிற்றியனார் தாயபாகக்காரர் என்றும் விளையாட்டாகச் சொல்லிவிடலாம். மிதாட்சரக் குடும்பத்தில் பங்கு என்பது பிரியும்வரை அசைந்துகொண்டே இருக்கும் எண். ஓர் ஆண் பிறந்தால் மற்றவர் பங்கு சுருங்கும். ஒருவன் மகனின்றி இறந்தால் மற்றவர் பங்கு பெருகும். இறந்தவனுடைய மனைவிக்கும் மகளுக்கும் அதில் எஞ்சுவது உணவும் உடையும் மட்டுமே.

இக்கோட்பாட்டின் கூர்மை முழுவதும் சிவகங்கை வழக்கில் வெளிப்பட்டது. வேலுநாச்சியார் 1796இல் மறைந்தார். மருது சகோதரரை எதிர்த்துக் கும்பினி நடத்திய போரின்போது, 1801இல், படமாத்தூர்க் கௌரிவல்லபத் தேவரைக் கும்பினியார் சமீந்தாராக்கினர். அவருக்கு ஓய்யாத்தேவர் என்னும் தமையன் இருந்தார். அவர் தம்பிக்கு முன்னரே இறந்தார். கௌரிவல்லபர் 1829இல் ஆண்மகவின்றி மறைந்தபோது, தமையன் மகன் முத்துவடுகநாதர் சமீனைக் கைக்கொண்டார். அண்ணன் தம்பியர் பிரியாத குடும்பத்தினர், ஆதலின் எஞ்சிய ஆண்வழிக்கே சொத்து என்பது அத்தரப்பின் வாதம். மறுபுறம் கௌரிவல்லபரின் மனைவியரும் மகளிரும் நின்றனர். சொத்து மூதாதையர் ஈட்டியதன்று, அவரே பெற்றது என்றும், குடும்பம் முன்னமே பிரிந்தது என்றும் அவர்கள் வாதிட்டனர்.

வழக்கு 1830களில் தொடங்கி மன்றம் மாறி மன்றம் ஏறியது. விதவையருள் ஒருவரான அங்கமுத்து நாச்சியார் தீர்ப்பைக் காணாமலே இறந்தார். கட்டமநாச்சியார் என்னும் மகள் அதனைத் தொடர்ந்து இலண்டன் பிரிவி கவுன்சில்வரை கொண்டுசென்றார். 1863ஆம் ஆண்டுத் தீர்ப்பு அவருக்குச் சாதகமாயிற்று. கூட்டுக்குடும்பத்திலேயே வாழ்ந்தாலும், ஒருவன் தானே ஈட்டிய சொத்தில் உடன்பங்காளிகளுக்குப் பொதுநலம் இல்லை. பொதுநலம் இல்லாத இடத்தில் எஞ்சியிருப்போர் உரிமை செல்லாது. ஆதலின் மனைவிக்கும் மகளுக்கும் அது சேரும் என்பது தீர்ப்பின் உயிர்நிலை. தென்னாட்டுப் பெண்களின் சொத்துரிமை வரலாற்றில் இத்தீர்ப்புக்கு உள்ள இடம் பெரிது. ஆனால் அதன் அடிப்படையை உற்றுநோக்கினால் மனம் சற்றுத் தயங்கும். மருதிருவர் தூக்கிலேறிய அதே ஆண்டில் கும்பினியார் புதிதாக வழங்கிய கொடை என்பதனாலேயே அச்சமீன் ‘சுயார்ச்சிதம்’ ஆயிற்று. சுயார்ச்சிதம் ஆனதனாலேயே மகளுக்குக் கிடைத்தது. பழைய வேந்தர் குடியின் வழியில் வந்த சொத்தாக அது இருந்திருப்பின், மகள் தோற்றிருப்பாள்.

வென்ற பின்னும் அவ்வுரிமை முழுமையானதன்று. அக்காலச் சட்டத்தில் பெண் பெற்றது வாழ்நாள் அனுபவம் மட்டுமே. அவள் மறைந்தபின் சொத்து அவளுடைய வாரிசுகளைத் தேடாமல், இறுதியாக அதனை முழுமையாக ஆண்ட ஆண்மகனின் வாரிசுகளைத் தேடிப் போகும். ஆகவே சிவகங்கைச் சமீனின் உரிமை 1881இல் மீண்டும் பிரிவி கவுன்சிலின் முன் வந்தது. ஒரு மரணத்தால் எழுந்த பூசல் அரை நூற்றாண்டு கடந்தும் இலண்டனில் பேசப்பட்டது. வயல்களோ சிவகங்கைச் சீமையில் மழையை எதிர்பார்த்துக் கிடந்தன.

இன்னொரு சென்னை வழக்கு வழக்கறிஞர்களுக்கு வெளியே அவ்வளவாக அறியப்படாதது. சொல்லை ஆள்வோர்க்கு அது சுவையானது. அப்பாவு ஐயர் வழக்கில் 1866இல் பிரிவி கவுன்சில் ஒன்றை வரையறுத்தது. வரப்பிட்டு நிலத்தைப் பிரிக்காவிடினும், இன்னார்க்கு இத்தனை பங்கு என்று உடன்பங்காளிகள் ஒப்புக்கொண்ட அந்நொடியே கூட்டுக்குடும்பத் தன்மை அறுந்துபோகிறது. 1916ஆம் ஆண்டின் கிரிஜாபாய் வழக்கு இன்னும் ஓரடி முன்சென்றது. மற்றவர் இசையாவிடினும், ஒருவன் ‘நான் பிரிந்துவிட்டேன்’ எனத் தெளிவாக அறிவித்தாலே போதும் என்றது. அடுப்பு ஒன்றாக எரியலாம், களம் ஒன்றாக இருக்கலாம், குடும்பம் பிரிந்துவிட்டது. சுவர் எழுப்பப்படுவது பின்னர்தான். 1959இல் வந்த ‘பாகப்பிரிவினை’ திரைப்படத்தைத் தமிழ்நாடு கண்ணீரோடு பார்த்ததற்கு, அவ்வாறு பிரிந்த வீடு ஊருக்கு ஊர் இருந்ததும் ஒரு காரணமாகலாம்.

இந்தப் பங்கீடுகள் எவற்றிலும் பந்தியில் அமராதவள் மகள். 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, பெண்களுக்கு ஆண்களோடு ஒத்த சொத்துரிமை வேண்டும் எனத் தீர்மானித்தது. 1937ஆம் ஆண்டுச் சட்டம் விதவைக்கு இடம் தந்தது; மகளை விட்டுவிட்டது. 1956ஆம் ஆண்டுச் சட்டம் மகளை வாரிசாக்கியது. பெண்ணின் வாழ்நாள் அனுபவத்தை முழுவுரிமையாக்கிக் கட்டமநாச்சியார் காலத்துத் தளையையும் அறுத்தது. ஆயினும் பிறப்பால் வரும் பங்கு மகனுக்கு மட்டும் என்றே வைத்தது. தமிழ்நாட்டுத் திருத்தச் சட்டம் 1989 மார்ச் 25 முதல் மகளையும் பிறப்பாலேயே பங்காளியாக்கிற்று. அதற்கு முன் மணமாகிச் சென்றவர்களுக்கு அது பொருந்தவில்லை. ஒரே தாய் வயிற்றுத் தமக்கைக்கு இல்லாதது தங்கைக்கு உண்டு என்னும் நிலை பல வீடுகளில் ஏற்பட்டது. 2005 செப்டம்பர் 9இல் நடைமுறைக்கு வந்த நடுவணரசின் திருத்தம் அவ்வேறுபாட்டை நீக்கியது. அந்நாளில் தந்தை உயிரோடிருக்க வேண்டுமா என்ற ஐயத்தை, வினீதா சர்மா வழக்கில் 2020 ஆகஸ்டு 11இல் உச்சநீதிமன்றம், வேண்டியதில்லை எனத் தீர்த்துவைத்தது.

அத்தீர்ப்பில் இலக்கிய அன்பரும் ஊர்ப்பெரியவரும் ஒருங்கே சிந்திக்கவேண்டிய பகுதி ஒன்றுண்டு. ‘எங்கள் குடும்பத்தில் வாய்மொழியாகப் பாகம் பிரிந்து பல்லாண்டாயிற்று’ என்னும் எதிர்வாதத்தை, பதிவுபெற்ற பத்திரமோ மன்றத் தீர்ப்பாணையோ இன்றி எளிதில் ஏற்கலாகாது. பொது ஆவணங்கள் உறுதியாகத் துணைநின்றால் அருமையாக ஏற்கலாம் என்றது மன்றம். திண்ணையில் நாலு பேர் முன்னிலையில், நம்பிக்கையொன்றையே சாட்சியாக வைத்துப் பிரித்துக்கொண்ட பழைய முறையை இது ஐயக்கண்ணோடு பார்க்கிறது. அவ்வையம் காரணமற்றதன்று. பெண்மக்கள் பங்கு கேட்டு வரும்போது, அவர்கள் இல்லாத நாளில் எல்லாம் பேசி முடிந்துவிட்டது என்று சொல்வதற்கு வாய்மொழிப் பாகம் மிக எளிதான கருவி. திண்ணையில் கூடிய அந்த நாலு பேரும் ஆண்கள். பிரித்துக்கொண்ட உடன்பிறந்தாரும் ஆண்கள். வீட்டுக்குள் நின்று கேட்டுக்கொண்டிருந்தவளை எவரும் அழைத்து அமர்த்தவில்லை.

பாகவழக்கு நடக்கும் முறையில் பெருமாற்றம் இல்லை. முதல்நிலைத் தீர்ப்பாணை இன்னார்க்கு இத்தனை பங்கு என எண்ணைச் சொல்லும். பின்னர் ஆணையர் ஒருவர் நிலத்துக்கு வந்து அளப்பார். கிணற்றடி யாருக்கு, தென்னை யாருக்கு, வண்டித்தடம் எவ்வழி என்ற கேள்விகளெல்லாம் அப்போதுதான் எழும். இறுதித் தீர்ப்பாணை வரும்வரை வரப்பு விழாது. அந்த இடைவெளியில் வழக்கைச் சமரச மையத்துக்கு அனுப்ப உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 89ஆம் பிரிவு இடமளிக்கிறது. சென்னை உயர்நீதிமன்ற வளாகத்தில் 2005இல் தொடங்கிய சமரச மையத்தைப் போன்ற இடங்களில், அண்ணனும் தம்பியும் தங்கையும் ஒரு மேசையைச் சுற்றி அமர்கிறார்கள். தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் சமரசருக்கு இல்லை. இருதரப்பையும் கேட்கவும் பேசவும் மட்டுமே அவருக்கு உரிமையுண்டு. உறையூர்க் கதவின்முன் கோவூர் கிழாருக்கு இருந்த உரிமையும் அவ்வளவே. தங்கைக்கும் ஒரு நாற்காலி போடப்பட்டிருப்பது மட்டும் புதிது.